வெள்ளம், டொர்னாடோவுக்குப் பிறகு அமெரிக்க அரசிடம் உதவித்தொகை பெறுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

தண்ணீர் வடிந்ததும் கை முதலில் துடைப்பத்தைத்தான் தேடும். 2017 ஆகஸ்டில் ஹார்வி புயல் ஹூஸ்டனைப் புரட்டிப் போட்டபோது நானும் அதைத்தான் செய்தேன். ஊறிப்போன கார்பெட்டை நறுக்கிச் சுருட்டித் தெருவோரம் போட்டோம். நண்பர்கள் நாலு பேர் வந்து பிரிட்ஜைத் தூக்கிப் போட்டார்கள். இரண்டு நாளில் வீடு ஓரளவு சுத்தம். சில நாள் கழித்துச் சேதத்தைப் பார்க்க வந்தவர், "தண்ணீர் எவ்வளவு உயரம் நின்றது?" என்று கேட்டார். முழங்காலுக்குக் கீழே காட்டினேன். "படம் இருக்கிறதா?" இல்லை. கார்பெட் துண்டு? அதுவும் இல்லை, குப்பை லாரி காலையிலேயே அள்ளிப் போய்விட்டது.

தப்பு என்னுடையதுதான். அன்றிலிருந்து இங்கே எப்போது மழை கொட்டினாலும், சுழல்காற்று அடித்தாலும், தெரிந்தவர்கள் என்னைக் கூப்பிட்டுக் கேட்கும் கேள்விகளுக்கெல்லாம் சேர்த்து இதை எழுதுகிறேன். அமெரிக்காவில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்காக, குறிப்பாக எச்-1பி, க்ரீன் கார்டு என்று வெவ்வேறு நிலையில் இருப்பவர்களுக்காக எழுதியது. இதில் உள்ள உச்சவரம்புத் தொகைகள் 2024 அக்டோபர் 1 முதல் தொடங்கிய நிதியாண்டுக்கானவை. ஒவ்வோர் அக்டோபரிலும் விலைவாசிக்கு ஏற்ப அவை கொஞ்சம் மாறும். உங்கள் ஊர்ப் பேரிடர் எந்தத் தேதியில் அறிவிக்கப்பட்டதோ அந்த ஆண்டின் கணக்குதான் உங்களுக்கு.

முதலில் வரிசையைப் புரிந்துகொள்ளுங்கள்

நம்மில் பலருக்கு அரசு உதவி என்றதும் நிவாரணம் என்ற சொல்தான் நினைவுக்கு வரும். சேதத்தைக் கணக்கெடுப்பார்கள், குடும்பத்துக்கு இவ்வளவு என்று கொடுப்பார்கள் என்று காத்திருப்போம். இங்கே அப்படி இல்லை. யாரும் வந்து கொடுக்க மாட்டார்கள், நாம்தான் கேட்க வேண்டும். கேட்பதிலும் ஒரு வரிசை இருக்கிறது: முதலில் உங்கள் இன்சூரன்ஸ், அது தராத இடத்தில் ஃபெமா (மத்திய அரசின் பேரிடர் உதவி அமைப்பு), அதுவும் போதாத இடத்தில் எஸ்பிஏ (மத்திய அரசின் சிறுதொழில் நிர்வாகம்) கடன், எல்லாம் ஓய்ந்த பிறகு வருடக்கணக்கில் மெதுவாக வரும் மறுகட்டுமான நிதி.

இதற்குக் கீழே ஒரே ஒரு விதி ஓடுகிறது. ஒரே சேதத்துக்கு இரண்டு இடத்தில் பணம் வாங்கக் கூடாது. ஃபெமா உங்களிடம் கேட்கும் காகிதங்களில் பாதி, இன்சூரன்ஸ் என்ன கொடுத்தது, என்ன கொடுக்கவில்லை என்று தெரிந்துகொள்ளத்தான். அதைப் புரிந்துகொண்டால் பின்னால் வரும் கடிதங்கள் பயமுறுத்தாது.

இன்னொன்று. ஃபெமாவின் பணம் வீட்டைப் பழையபடி ஆக்குவதற்கு அல்ல, குடியிருக்கத் தக்கதாக ஆக்குவதற்கு. கிரானைட் மேடைக்குப் பதில் கிரானைட் மேடை வராது. ஒழுகாத கூரை, ஓடும் தண்ணீர், எரியும் விளக்கு, உடையாத தரை, அவ்வளவுதான்.

படி 1: உங்கள் கவுண்ட்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி) பட்டியலில் இருக்கிறதா?

ஃபெமா தானாக வராது. 1988-இல் வந்த ஸ்டாஃபோர்ட் சட்டத்தின்படி மாநில ஆளுநர் கேட்க வேண்டும், அதிபர் "பெரும் பேரிடர்" என்று அறிவிக்க வேண்டும். அந்த அறிவிப்பும் மாநிலம் முழுவதற்கும் அல்ல, கவுண்ட்டி கவுண்ட்டியாக வரும். அதிலும் இரண்டு வகை. "தனிநபர் உதவி" என்று உங்கள் கவுண்ட்டி பெயருக்கு எதிரே இருந்தால்தான் நீங்கள் விண்ணப்பிக்க முடியும். "பொது உதவி" மட்டும் என்றால் அந்தப் பணம் ரோடு, பாலம், பள்ளி, குப்பை அகற்றல் ஆகியவற்றுக்கு. செய்தியில் "எங்கள் கவுண்ட்டிக்கு ஃபெமா உதவி" என்று வந்ததை நம்பி விண்ணப்பித்து ஏமாந்தவர்கள் உண்டு. எந்த உதவி என்று பாருங்கள்.

காலம்? சொல்ல முடியாது. 2025 ஜூலை 4-ஆம் தேதி டெக்சஸில் குவாடலூப்பே ஆறு கரைபுரண்டு கெர் கவுண்ட்டியை வாரிக்கொண்டு போனபோது, ஜூலை 6-ஆம் தேதியே அறிவிப்பு வந்தது. அதே ஆண்டு மார்ச் நடுவில் ஆர்க்கன்சாவில் டொர்னாடோக்கள் அடித்தபோது மாநிலத்தின் கோரிக்கை முதலில் மறுக்கப்பட்டது. ஆளுநர் மேல்முறையீடு செய்த பிறகு மே மாதத்தில்தான் ஒப்புதல் கிடைத்தது. கவனியுங்கள், மாநிலமே முதல் தடவை இல்லை என்ற பதிலை வாங்கிக்கொண்டு திரும்ப எழுதித்தான் பெற்றது.

டொர்னாடோவில் இந்தப் படி இன்னும் சிக்கல். வெள்ளம் ஊரையே நனைக்கும். சுழல்காற்று தெருவின் இந்தப் பக்கம் வீட்டை அடியோடு பெயர்த்துவிட்டு எதிர்ப்பக்கத்துக் குரோட்டன் செடியைக்கூடத் தொடாமல் போகும். காற்றின் கடுமையை ஈஎஃப்-0 முதல் ஈஎஃப்-5 வரை அளப்பார்கள், ஆனால் அறிவிப்பு வருவது அந்த எண்ணைப் பார்த்து அல்ல. எத்தனை வீடு போயிற்று, அதில் எத்தனை பேருக்கு இன்சூரன்ஸ் இல்லை, மாநிலத்தால் தாங்க முடியுமா என்று பார்த்துத்தான். இருபது வீடு தரைமட்டமானாலும் கணக்கு எட்டாமல் போகலாம்.

அதனால்தான், அறிவிப்பு வருவதற்கு முன்பே உங்கள் சேதத்தை உள்ளூர் நிர்வாகத்தின் கணக்கில் ஏற்றிவிடுங்கள். டெக்சஸில் இதற்கு ஐஸ்டாட் என்ற இணையப் படிவம் இருக்கிறது. பத்து நிமிடம்தான். மற்ற மாநிலங்களில் கவுண்ட்டியின் அவசரகால மேலாண்மை அலுவலகத்தில் கேளுங்கள், அல்லது 211 என்ற உதவி எண்ணை அழையுங்கள். இது ஃபெமா விண்ணப்பம் அல்ல, இதனால் உங்களுக்கு நேரடியாகப் பணமும் வராது. ஆனால் ஆளுநர் காட்டும் எண்ணிக்கையில் உங்கள் வீடும் ஒன்றாகச் சேரும்.

அதிபர் அறிவிப்பு கிடைக்காமலே போனால்? எஸ்பிஏ தனியாக ஓர் அறிவிப்புச் செய்ய முடியும். குறைந்தது 25 வீடுகளோ தொழில்களோ, ஒவ்வொன்றும் இன்சூரன்ஸ் போக 40 சதவீதமோ அதற்கு மேலோ இழந்திருந்தால் போதும். சிறிய டொர்னாடோக்களில் பல சமயம் கிடைக்கும் ஒரே கதவு அதுதான்.

படி 2: துடைப்பத்தைத் தொடுவதற்கு முன்

உள்ளே போவது பாதுகாப்பு என்று சொன்ன பிறகு, கைபேசியை எடுத்துக்கொண்டு போங்கள். வாசலிலிருந்து தொடங்கி, ஒவ்வோர் அறையிலும் நாலு மூலையில் நின்று நாலு படம். அப்புறம் ஒரு வீடியோ, பேசிக்கொண்டே: "இது சமையலறை, இது கீழ் அலமாரி, உப்பிப் போயிருக்கிறது." சுவரில் தண்ணீர் நின்ற கோடு மங்கலாகத் தெரியும். அதன் மேல் அளவு நாடாவை வைத்து, எண் தெரிகிற மாதிரி ஒரு படம். வீட்டுக்கு வெளியே செங்கல் சுவரிலும் அதே மாதிரி ஒன்று. இந்த இரண்டு படம் என்னிடம் இருந்திருந்தால் என் கதை வேறு.

பிரிட்ஜ், வாஷிங் மெஷின், வாட்டர் ஹீட்டர், ஏசி யூனிட் எல்லாவற்றிலும் ஒரு ஸ்டிக்கர் இருக்கும், மாடல் எண்ணும் சீரியல் எண்ணும் உள்ளது. பிரிட்ஜில் பெரும்பாலும் உள்பக்கச் சுவரில் இருக்கும். மூக்கைப் பிடித்துக்கொண்டு திறந்து படம் எடுத்துவிடுங்கள்.

பிறகு வெட்டலாம். ஈரமான ஷீட்ராக்கை (ஜிப்சம் சுவர்ப் பலகையை) விட்டுவைத்தால் சில நாளில் பூஞ்சை பிடித்துவிடும், அதனால் யாரும் வந்து பார்க்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம். ஆனால் கார்பெட்டில் ஓர் அடிக்கு ஓர் அடி, அதன் கீழே உள்ள மெத்தையில் ஒன்று, மரத்தரையில் ஒரு பலகை, ஷீட்ராக்கில் ஒரு துண்டு என்று நறுக்கி, ஒவ்வொன்றிலும் எந்த அறை என்று மார்க்கரால் எழுதி, கராஜில் ஒரு பையில் போட்டு வையுங்கள். அட்ஜஸ்டர், அதாவது இன்சூரன்ஸுக்காகச் சேதத்தை மதிப்பிடுபவர், தரத்தைப் பார்த்துத்தான் விலை போடுவார்.

ரசீதுகள் எல்லாம் முக்கியம். ஹோட்டல், ஜெனரேட்டர், ப்ளீச், வாடகைக்கு எடுத்த ஈரம் உறிஞ்சும் இயந்திரம், எதையும் விடாதீர்கள்.

படி 3: இன்சூரன்ஸ். தண்ணீர் மேலிருந்து வந்ததா, கீழிருந்து வந்ததா?

வீட்டு இன்சூரன்ஸ் வெள்ளத்தை ஏற்காது. இதை எத்தனை தடவை சொன்னாலும் போதாது. ஆனால் காற்றை ஏற்கும். டொர்னாடோ கூரையைக் கிழித்து, அந்தப் பொத்தல் வழியாக மழை கொட்டிப் படுக்கையறை நாசமானால் அது காற்றுச் சேதம், வீட்டு இன்சூரன்ஸ் கொடுக்க வேண்டும். அதே மழை தெருவில் தேங்கி வாசற்படி வழியாக உள்ளே வந்தால் அது வெள்ளம், தனி வெள்ளக் காப்பீடு வேண்டும். இரண்டும் ஒரே இரவில் நடந்திருந்தால் இரண்டு க்ளெயிம், இரண்டு டிடக்டபிள் (நாம் கையிலிருந்து போட வேண்டிய பங்கு). எது எதனால் ஆனது என்று படத்தில் தெரிகிற மாதிரி பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். கார் விஷயம் வேறு: காம்ப்ரிஹென்சிவ் எடுத்திருந்தால் வெள்ளத்தில் மூழ்கிய காருக்கும் கிடைக்கும்.

வெள்ளக் காப்பீட்டைப் பெரும்பாலும் 1968-இல் தொடங்கிய தேசியத் திட்டத்தின் மூலம் வாங்கியிருப்பீர்கள். கட்டடத்துக்கு அதிகபட்சம் 2,50,000 டாலர், உள்ளே உள்ள பொருள்களுக்கு 1,00,000 டாலர். பொருள்களுக்கானது தனியாகக் கேட்டு வாங்கியிருந்தால் மட்டுமே உண்டு. சேதம் நடந்து 60 நாளுக்குள் கையெழுத்திட்ட இழப்புச் சான்றுப் படிவத்தைக் கொடுக்க வேண்டும். பெரிய பேரிடர்களில் இந்தக் கெடுவை நீட்டிப்பதும் உண்டு. நீட்டிப்பார்கள் என்று நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள்.

எனக்கு அந்தக் காப்பீடு இல்லை. வீடு இருந்த இடம் வெள்ள அபாய வரைபடத்தில் எக்ஸ் மண்டலம், அதாவது வெள்ள அபாயம் குறைவு என்று போட்ட பகுதி. கடன் கொடுத்த வங்கி கேட்கவில்லை, நானும் வாங்கவில்லை. எங்கள் பக்கத்தில் ஆடிக்ஸ், பார்க்கர் என்று இரண்டு நீர்த்தேக்கங்கள் இருப்பதே ஹார்வி வந்த பிறகுதான் பாதிப் பேருக்குத் தெரியும். அவசரமாக வாங்கிக்கொள்ளலாம் என்றும் நினைக்க வேண்டாம், சாதாரணமாக 30 நாள் கழித்துத்தான் பாலிசி நடைமுறைக்கே வரும்.

காப்பீடு இல்லை என்று தெரிந்தாலும் வீட்டு இன்சூரன்ஸில் ஒரு க்ளெயிம் போடுங்கள். "வெள்ளத்துக்குக் கிடையாது" என்று அவர்கள் அனுப்பும் மறுப்புக் கடிதம் வேண்டும். ஃபெமா கேட்கும் முதல் காகிதமே அதுதான். போனில் சொன்னால் போதாது, எழுத்தில் வாங்குங்கள்.

படி 4: ஃபெமாவில் யார் விண்ணப்பிக்கலாம்?

நம் ஆட்கள் அதிகம் தடுமாறும் இடம் இது, அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

ஃபெமா ரொக்க உதவி அமெரிக்கக் குடிமக்களுக்கும், "தகுதியுள்ள குடிமகன் அல்லாதோர்" என்று சட்டம் சொல்லும் பிரிவினருக்கும். க்ரீன் கார்டு வைத்திருப்பவர்கள், அகதிகள், தஞ்சம் அளிக்கப்பட்டவர்கள் இந்தப் பிரிவில் வருவார்கள். எச்-1பி, எச்-4, எல்-1, எஃப்-1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் வரமாட்டார்கள். எத்தனை வருடம் வரி கட்டியிருந்தாலும் அப்படித்தான். வாதாடிப் பயனில்லை.

ஆனால் வீட்டில் இங்கே பிறந்த குழந்தை இருக்கிறதா? சமூகப் பாதுகாப்பு எண் உள்ள, 18 வயதுக்குட்பட்ட குடிமகனான பிள்ளை உங்களோடு அதே வீட்டில் வசித்தால், அந்தப் பிள்ளையின் பெயரில் பெற்றோர் விண்ணப்பிக்கலாம். வீட்டில் ஒருவர் தகுதி பெற்றால் போதும். இந்த ஒரு வரி தெரியாமல் "நமக்குக் கிடையாது" என்று விட்டுவிட்ட எச்-1பி குடும்பங்களை ஹார்வியின்போது என் தெருவிலேயே பார்த்தேன்.

இதில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. படிவத்தில் குடிமகன் அல்லது தகுதியுள்ளவர் என்று உறுதிமொழி கொடுத்துக் கையெழுத்திடும் இடம் வரும். எச்-1பியில் இருந்துகொண்டு அவசரத்தில் உங்களைப் பற்றியே "ஆம்" என்று டிக் அடித்துவிட்டால், பொய்யாகக் குடியுரிமை கோரியதாக ஆகி, பின்னால் க்ரீன் கார்டே கிடைக்காமல் போகும் அளவுக்கு விஷயம் பெரிதாகலாம். பிள்ளையின் பெயரில் என்று தெளிவாகச் சொல்லி, போனில் பேசி விண்ணப்பிப்பதே நல்லது. குடியேற்ற நிலையில் வேறு ஏதாவது சிக்கல் இருந்தால் முதலில் வழக்கறிஞரிடம் பேசுங்கள். குடியேற்றத்தைப் பார்க்கும் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் கீழ்தான் ஃபெமாவும் இருக்கிறது.

முகாம், உணவு, தண்ணீர், மனநல ஆலோசனை போன்ற ரொக்கமில்லா உதவிகளுக்கு விசா பார்க்க மாட்டார்கள்.

அடுத்தது, அது நீங்கள் குடியிருக்கும் வீடாக இருக்க வேண்டும். வருடத்தில் பாதிக்கு மேல் வசிக்கும் முதன்மை வீடு. சொந்தமாகவும் இருக்கலாம், வாடகையாகவும் இருக்கலாம். வாடகைக்கு இருப்பவர்கள் "வீடு நம்முடையது இல்லையே" என்று ஒதுங்கிவிடுகிறார்கள். சோபா, கட்டில், கணினி, பாத்திரம் எல்லாம் உங்களுடையதுதானே, விண்ணப்பியுங்கள். முதலீட்டுக்காக வாங்கி வாடகைக்கு விட்டிருக்கும் வீட்டுக்கு ஃபெமா தராது. அதற்கு எஸ்பிஏ.

படி 5: விண்ணப்பம்

நாலு வழி: டிசாஸ்டர்அசிஸ்டன்ஸ் டாட் கவ் இணையதளம், ஃபெமா செயலி, 800-621-3362 என்ற தொலைபேசி எண், அல்லது உங்கள் பகுதியில் திறக்கும் பேரிடர் மீட்பு மையம். தொலைபேசியில் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்கலாம். ஊரிலிருந்து வந்து தங்கள் வீட்டில் தனியாக இருக்கும் பெரியவர்களுக்கு விண்ணப்பிக்கும்போது இது உதவும். என்னைக் கேட்டால் மையத்துக்கு நேரில் போவதுதான் சிறந்தது. காகிதத்தை அங்கேயே ஸ்கேன் செய்து கோப்பில் ஏற்றிவிடுவார்கள்.

கையில் வைத்துக்கொள்ள வேண்டியவை: சமூகப் பாதுகாப்பு எண், சேதமான வீட்டு முகவரி, இப்போது தங்கியிருக்கும் முகவரி, எடுக்கக்கூடிய போன் எண், ஆண்டு வருமானம், இன்சூரன்ஸ் விவரம், வங்கிக் கணக்கின் எண்கள். முடிந்ததும் ஒன்பது இலக்க எண் ஒன்று தருவார்கள். இனி எந்தக் காகிதம் அனுப்பினாலும் ஒவ்வொரு பக்கத்திலும் அந்த எண்ணையும் பேரிடர் எண்ணையும் எழுதுங்கள்.

கெடு, அறிவிப்பு வந்த நாளிலிருந்து 60 நாள். ஒரு குடும்பத்துக்கு ஒரு விண்ணப்பம்தான். கணவன் இணையத்திலும் மனைவி போனிலும் தனித்தனியே போட்டுவிட்டு இரண்டும் சிக்கிக்கொண்டு நின்ற கதை நண்பர் வீட்டில் நடந்தது.

கேள்விகளில் "உங்கள் வீட்டில் பாதுகாப்பாக இருக்க முடியுமா?" என்று ஒன்று வரும். நம் பழக்கம், "சமாளித்துக்கொள்வோம்" என்று சொல்வது. சொல்லாதீர்கள். மாடியில் ஒரு பாயை விரித்துப் படுத்துக்கொண்டிருப்பது குடியிருப்பது ஆகாது. உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள், கூட்டியும் வேண்டாம், குறைத்தும் வேண்டாம்.

என்னென்ன கிடைக்கும்?

உடனடித் தேவைகளுக்கு, உணவு, குடிநீர், பால் பவுடர், பெட்ரோல் போன்றவற்றுக்கு, 2024 அக்டோபரில் தொடங்கிய நிதியாண்டில் ஒரு குடும்பத்துக்கு 770 டாலர். இதைத்தான் "ஃபெமா 770 டாலர்தான் தருகிறது" என்று வாட்சப்பில் பரப்புகிறார்கள். அது வெறும் முதல் தவணை மாதிரி. வீட்டுச் சீரமைப்பு, வாடகை, ஹோட்டல் செலவு எல்லாம் தனி. வீடு சம்பந்தமான உதவிக்கு அந்த ஆண்டின் உச்சவரம்பு 43,600 டாலர். பொருள்கள், கார், மருத்துவம், ஈமச்சடங்கு, குழந்தைக் காப்பகம் போன்ற பிற தேவைகளுக்கு இன்னொரு 43,600. உச்சவரம்பு என்பதை அடிக்கோடிட்டுப் படியுங்கள், பெரும்பாலோருக்கு அதில் ஒரு பகுதிதான் வரும். தற்காலிக வாடகை உதவி முதலில் ஓரிரு மாதத்துக்கு வரும். வீடு தயாராகவில்லை என்று காட்டினால், பேரிடர் அறிவிப்பிலிருந்து 18 மாதம் வரை நீட்டிக்க வழி உண்டு.

இது கடன் அல்ல, திருப்பித் தர வேண்டாம். வருமான வரியும் கிடையாது. ஆனால் கடிதத்தில் எதற்கென்று எழுதியிருக்கிறதோ அதற்குத்தான் செலவழிக்க வேண்டும்.

படி 6: ஆய்வாளர் வருகை

அழைப்பு தெரியாத எண்ணிலிருந்து வரும். விளம்பர அழைப்பு என்று நீங்கள் துண்டித்துவிட்டால், ஆய்வாளர் உங்களைப் பிடிக்க முடியாமல் போய், "ஆய்வு நடக்கவில்லை" என்று கோப்பு மூடப்படும். இந்த ஒரு மாதம் எல்லா அழைப்பையும் எடுங்கள்.

அவர் பார்ப்பது முக்கால் மணி நேரம்கூட ஆகாது. நீங்கள் கூடவே நடந்து காட்டுங்கள்: அடித்தளத்தில் விரிசல், மின்பெட்டிக்குள் போன சேறு, வேலை செய்யாத வாட்டர் ஹீட்டர், மருத்துவக் கருவி. அவர் எழுதிக்கொள்வாரே தவிர முடிவு செய்பவர் அவர் அல்ல. "எவ்வளவு கிடைக்கும்?" என்று கேட்டு இருவர் நேரத்தையும் வீணாக்க வேண்டாம்.

படத்துடன் கூடிய அடையாள அட்டையைக் கேட்டுப் பாருங்கள். ஃபெமாவோ எஸ்பிஏவோ ஆய்வுக்கும் விண்ணப்பத்துக்கும் ஒரு சென்ட் வாங்க மாட்டார்கள். யாராவது கேட்டால் கதவைச் சாத்துங்கள். முழுப் பணத்தையும் முன்கூட்டியே கேட்கும் கூரை ஒப்பந்தக்காரரும் அதே ரகம். டொர்னாடோ போன மறுநாள் காலை வெளிமாநில நம்பர் பிளேட்டோடு வந்து நிற்பார்.

படி 7: கடிதம் வரும். அது முடிவல்ல

"தகுதியில்லை" என்று வந்த கடிதத்தை மடித்து டிராயரில் போட்டுவிடுபவர்கள்தான் அதிகம். அங்கேதான் பணம் போகிறது. பெரும்பாலும் அந்தக் கடிதத்துக்கு அர்த்தம், "ஒரு காகிதம் குறைகிறது". இன்சூரன்ஸ் தீர்வுக் கடிதம் அனுப்பவில்லை, வீடு உங்களுடையது என்று உறுதியாகவில்லை, அங்கே வசித்தீர்கள் என்று உறுதியாகவில்லை, பெயர் எழுத்து ஒத்துப்போகவில்லை. கடைசியாகச் சொன்னது நமக்கே உரிய வியாதி. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முன்னால், மின்கட்டண ரசீதில் பின்னால், வங்கியில் இனிஷியல் மட்டும். மூன்றும் ஒரே ஆள் என்று கணினிக்கு எப்படித் தெரியும்? ஓட்டுநர் உரிமம் என்ன சொல்கிறதோ அதையே எல்லா இடத்திலும் கொடுங்கள். ஒத்துப்போகாத காகிதத்துக்கு விளக்கம் ஒன்றை இணையுங்கள்.

மேல்முறையீட்டுக்குக் கடிதத்தின் தேதியிலிருந்து 60 நாள். கடிதம் கைக்கு வந்த தேதியிலிருந்து அல்ல. 2024 மார்ச்சில் விதிகளைத் தளர்த்திய பிறகு கையெழுத்திட்ட நீண்ட விளக்கக் கடிதம் கட்டாயம் இல்லை, அவர்கள் தரும் படிவமே போதும். ஆனாலும் ஒரு பக்கத்துக்கு மிகாமல் எழுதச் சொல்வேன். கெஞ்சல் வேண்டாம், கோபமும் வேண்டாம். இப்படி எழுதினால் போதும்: "நீங்கள் அங்கீகரித்தது கூரைக்கு மட்டும். ஏசியின் வெளி யூனிட் 14 அங்குலம் நீரில் மூழ்கியது. படம் இணைப்பு 1. உரிமம் பெற்ற பழுதுபார்ப்பவரின் மதிப்பீடு இணைப்பு 2." ஒப்பந்தக்காரர் மதிப்பீட்டில் "புதுப்பித்தல்" என்ற சொல் இருந்தால் மாற்றச் சொல்லுங்கள். எந்தப் பேரிடரால் எந்தப் பாகம் கெட்டது என்று வரிக்கு வரி இருக்க வேண்டும்.

பணம் வந்தும் குறைவாக இருக்கிறது என்றாலும் மேல்முறையீடு செய்யலாம். இன்சூரன்ஸ் கொடுத்த தொகை சேதத்தை ஈடுகட்டவில்லை என்று பின்னால் தெரிந்தாலும் தீர்வுக் கடிதத்தை அனுப்பித் திரும்பப் பார்க்கச் சொல்லலாம்.

படி 8: எஸ்பிஏ கடன்

பெயரில் சிறுதொழில் என்று இருப்பதால் நமக்கில்லை என்று தாண்டிப் போகிறோம். பேரிடர் சமயத்தில் சாதாரண வீட்டுக்காரர்களுக்கும் கடன் கொடுப்பது இந்த நிறுவனம்தான். வீட்டைச் சரிசெய்ய 5,00,000 டாலர் வரை, பொருள்களுக்கு 1,00,000 டாலர் வரை. வாடகைக்கு இருப்பவர்களும் பொருள்களுக்கு வாங்கலாம். தொழில்களுக்கு 20 லட்சம் டாலர் வரை, வாடகைக்கு விட்ட வீடு இந்தக் கணக்கில் வரும். முதல் 12 மாதம் தவணையும் இல்லை, வட்டியும் ஏறாது. 30 வருடம் வரை திருப்பிக் கட்டலாம். சேதத் தொகையில் 20 சதவீதம் வரை கூடுதலாக வாங்கி, அடுத்த முறை தாங்குகிற மாதிரி வீட்டைப் பலப்படுத்தலாம். டொர்னாடோ பாதுகாப்பு அறைகூட இதில் கட்டலாம். எண்: 800-659-2955.

ஹார்வி சமயத்தில், சில ஃபெமா உதவிகளுக்கு முன் எஸ்பிஏ படிவத்தை நிரப்பியே ஆக வேண்டும் என்று இருந்தது. "எனக்குக் கடன் வேண்டாம்" என்று அதைக் கிழித்துப் போட்டவர்கள் அந்த உதவியையும் இழந்தார்கள். 2024-இல் அந்தக் கட்டாயத்தை எடுத்துவிட்டார்கள். இப்போது இரண்டுக்கும் ஒரே சமயத்தில் போடலாம். கடன் ஒப்புதலானாலும் வாங்கியே தீர வேண்டும் என்றில்லை.

படி 9: பலரும் கேட்க மறப்பவை

வேலை போனால்: சொந்தத் தொழில் செய்பவர்கள், வழக்கமான வேலையின்மை உதவி கிடைக்காதவர்கள் ஆகியோருக்குப் பேரிடர் வேலையின்மை உதவி என்று ஒன்று உண்டு. மாநிலத்தின் தொழிலாளர் அலுவலகம் வழியாகக் கேட்க வேண்டும். கெடு குறுகியது.

வரி: அதிபர் அறிவித்த பேரிடரில் இன்சூரன்ஸ் போக நின்ற நஷ்டத்தை 4684 என்ற படிவத்தில் காட்டலாம். இந்த வருடம் நடந்ததைப் போன வருடக் கணக்கிலேயே காட்டித் திருத்தி, பணத்தைச் சீக்கிரம் திரும்பப் பெறும் வசதியும் இருக்கிறது. அறிவித்த பகுதியில் இருப்பவர்களுக்கு வரி தாக்கல் கெடுவையும் பெரும்பாலும் தள்ளிவைப்பார்கள். கணக்காளரிடம் கேளுங்கள்.

கோயில்: ஊருக்கு ஊர் நாம் கட்டி வைத்திருக்கும் கோயில்களும் சமூகக் கூடங்களும் மூழ்கியிருந்தால், லாப நோக்கற்ற அமைப்பு என்ற முறையில் "பொது உதவி"யில் விண்ணப்பிக்கலாம். வழிபாட்டுத் தலங்களுக்கு 2018 முதல்தான் இது திறந்தது, ஹார்வியில் பாதிக்கப்பட்ட டெக்சஸ் தேவாலயங்கள் சில வழக்குத் தொடுத்த பிறகு. உங்கள் கவுண்ட்டியைப் பட்டியலில் சேர்த்த நாளிலிருந்து 30 நாளுக்குள் கோரிக்கைப் படிவம் போக வேண்டும். கட்டடச் சீரமைப்புக்கு முதலில் எஸ்பிஏ கடனுக்குப் போட்டிருக்க வேண்டும். ஏற்கப்பட்ட செலவில் குறைந்தது 75 சதவீதம் மத்திய அரசின் பங்கு. நிர்வாகக் குழு கூடிப் பேசி முடிப்பதற்குள் கெடு போய்விடும், ஒருவரை அன்றே பொறுப்பாக்குங்கள்.

படி 10: வருடங்கள் கழித்து வருவது

நாடாளுமன்றம் தனியாக நிதி ஒதுக்கினால், வீட்டுவசதித் துறை வழியாக மாநிலத்துக்குப் பெரிய தொகை வரும். மாநிலம் திட்டம் போட்டு, விண்ணப்பம் வாங்கி, வீடு கட்டிக் கொடுக்க வருடங்கள் ஆகும். குறைந்த, நடுத்தர வருமானக் குடும்பங்களுக்குத்தான் முன்னுரிமை. பலருக்கு அதற்குள் வீடு சரியாகியிருக்கும். சொந்தச் செலவைத் திருப்பித் தரும் திட்டமும் சில சமயம் வரும், ரசீது இருந்தால்.

மீண்டும் மீண்டும் மூழ்கும் வீடு என்றால், உள்ளூர் நிர்வாகம் அதை விலைக்கு வாங்கிக்கொள்ளும் திட்டமும் இருக்கிறது. ஆபத்துக் குறைப்பு நிதியில் பெரும்பங்கு மத்திய அரசு கொடுக்கும். வாங்கிய வீட்டை இடித்துவிட்டு அந்த இடத்தை நிரந்தரமாகத் திறந்தவெளியாக விட்டுவிடுவார்கள். நேரடியாக நீங்கள் விண்ணப்பிக்க முடியாது, கவுண்ட்டியின் வெள்ளக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் விருப்பத்தைப் பதிவு செய்ய வேண்டும். இதில் போக நினைத்தால், ஃபெமா கொடுத்த சீரமைப்புப் பணத்துக்கு ரசீது காட்ட வேண்டும், இல்லாவிட்டால் வீட்டு விலையில் அதைக் கழித்துவிடுவார்கள்.

வரைபடத்தில் அதிக அபாய மண்டலத்தில் இருக்கும் வீட்டுக்கு ஃபெமா உதவி வாங்கியிருந்தால், இனி வெள்ளக் காப்பீடு எடுத்துத் தொடர்ந்து கட்டி வர வேண்டும். விட்டுவிட்டால் அடுத்த வெள்ளத்தில் வீட்டுக்கும் பொருளுக்கும் உதவி கிடையாது.

ரசீதுகளை மூன்று வருடம் வைத்திருக்கச் சொல்கிறது விதி. நான் ஒரு பழைய பிஸ்கட் டின்னில் போட்டு மாடி அலமாரியின் மேல் தட்டில் வைத்திருக்கிறேன். கீழ்த்தட்டில் வேண்டாம்.